கரை எவ்வளவு நகர்ந்தது? வரைபடமும் செயற்கைக்கோளும் சொல்லும் கணக்கு

சென்னை மெரினாவில் மாலை நேரத்தில் மக்கள் உட்கார்ந்திருக்கும் மணற்பரப்பின் பெரும்பகுதி 150 ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபோது அலை கோட்டைக்கு மிக அருகில் வந்து உடைந்தது; 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலும் கோட்டையின் முன்னால் குறுகிய மணல் விளிம்புதான் தெரிகிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டுவதற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கத்தில் சேர ஆரம்பித்தது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுவதற்கான சாலையை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். அதே சுவர்களுக்கு வடக்கே கதை வேறு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாக ஒவ்வொரு குப்பமும் தன் கரையை இழந்தது. தெருக்கள் கடலுக்குள் போயின. இன்று அந்த வழி நெடுகக் கருங்கல் கொட்டிய சுவரும், மணலைப் பிடிக்கக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும்தான் இருக்கின்றன.

இதற்குக் காரணம் எளிமையானது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதி, மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கே திரும்புகிறது. ஆனால் சோழமண்டலக் கரையில் வடக்கே போவது அதிகம், திரும்பி வருவது குறைவு. ஆகவே இந்தக் கரையில் கடலுக்குள் எதை நீட்டினாலும் அதன் தெற்குப் பக்கம் வளரும், வடக்குப் பக்கம் தேயும். சென்னைத் துறைமுகமே இதனால் திணறியது. கிழக்கே பார்த்திருந்த அதன் வாயில் மணலால் தூர்ந்துகொண்டே வந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகப் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாயிலைத் திறக்க வேண்டியிருந்தது.

எந்தப் பக்கம் தேயும் என்பதைக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வதுதான் கடினம். அரசு அலுவலகங்கள் கேட்பதும் அதையே: ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்ற ஓர் எண். அந்த எண்ணை வைத்துத்தான் சுவர் கட்டுவதா, துறைமுகத்துக்கு அனுமதி தருவதா, வீடுகளை உள்ளே தள்ளிக் கட்டச் சொல்வதா என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஓர் ஊரின் தலைவிதியே அதில் தொங்குவதால், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கடலோரத்தில் வாழ்கிறவர்களும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதல் சிக்கல், கரை என்று எதைச் சொல்வது என்பது. நிலமும் நீரும் சந்திக்கும் கோடு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அதனால் நில அளவையாளர்கள் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஓதம் (கடல் நீர் அன்றாடம் ஏறி இறங்குவது) உச்சத்தில் ஏறி நிற்கும் உயர் அலைக்கோடு, ஈர மணலும் உலர்ந்த மணலும் பிரியும் கோடு, மணல்மேட்டில் அடும்புக்கொடி தொடங்கும் விளிம்பு என்று பல அடையாளங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் விழும். பழைய நில அளவைத் தாள்களில் இருப்பது பெரும்பாலும் உயர் அலைக்கோடு. செயற்கைக்கோள் படத்தில் இருப்பதோ, படம் எடுத்த அந்த நொடியில் தண்ணீர் நின்ற இடம். மணல் 20 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரிந்து இறங்கும் கரையில், நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினால் கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு மணல்கூட நகர்ந்திருக்காது. ஆனால் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பவர் 10 மீட்டர் அரிப்பு என்று எழுதிவிடுவார். சென்னையில் ஓத வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பட் வளைகுடாவில் அது 10 மீட்டரைத் தாண்டும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஓத நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் போடும் கோட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

அடுத்தது, பழைய வரைபடத்தை இன்றைய படத்தோடு பொருத்தும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கணினி செய்யும் சாதாரண வேலை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் பிழைகள் மிகுதியாக நுழைவது இங்கேதான். பழைய இந்திய நில அளவைத் தாள்கள் 1830இல் நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள்களும் ஜி.பி.எஸ். கருவிகளும் பயன்படுத்துவது வேறொரு வடிவத்தை. இரண்டுக்கும் இடையே மாற்றக் கணக்குப் போடாமல் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் ஒப்பிட்டால், சென்னை அருகே ஒரே புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். அந்த விலகலில் கணிசமான பகுதி கிழக்கு மேற்குத் திசையில் அமைகிறது. சென்னையின் கரை வடக்கு தெற்காக ஓடுவதால், அந்தப் பகுதி அப்படியே கரையின் நகர்வாகத் தோற்றமளிக்கும். 50 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 2 மீட்டருக்கும் மேல் வரும், முற்றிலும் பொய்யான ஒரு நகர்வு!

இதைத் திருத்த, நகராத பொருள்கள் வேண்டும். தரங்கம்பாடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டேனியர்கள் 1620இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையும் 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயமும் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. டேனியர்கள் ஊரை வரைந்த பழைய படங்களில் இவையும் இருக்கின்றன. இப்படிப்பட்ட புள்ளிகள் நான்கைந்து கிடைத்தால், அளவுச்சட்டம் சரியில்லாத பழைய படத்தையும் இன்றைய நிலத்தோடு ஓரளவு ஒட்டவைத்துவிடலாம். அப்படி ஒட்டிப் பார்த்தால் கோட்டைக்கும் அலைக்கும் இடையில் காணாமல் போன நிலம் புலப்படும். அங்கே கரையோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பழைய படத்தின் சாட்சியத்தை அந்தக் கல்லும் உறுதி செய்கிறது. ஊர் இல்லாத வெறும் மணற்கரையில் இந்த வசதி கிடையாது. அதனால்தான் பழைய வரைபடங்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் துறைமுக நகரங்களைச் சுற்றியே குவிந்திருக்கின்றன.

வரைபடத்தின் அளவும் முக்கியம். 1:50,000 அளவுள்ள தாளில் அரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மைக்கோடு தரையில் 25 மீட்டர் அகலத்தை மூடிவிடுகிறது. அதைவிட நுட்பமான எதையும் அந்தத் தாளிடம் கேட்கக் கூடாது. அளவு மாறினால் என்ன ஆகும் என்பதை அண்மையில் நாடே பார்த்தது. பல பத்தாண்டுகளாக இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பாடப்புத்தகங்களில் படித்தோம். மேலும் நுணுக்கமான வரைபடங்களைக் கொண்டு மறுபடியும் அளந்தபோது அது 11,098.81 கிலோமீட்டர் ஆனது. மேற்கு வங்கத்தின் கரை 157 கிலோமீட்டரிலிருந்து 721 கிலோமீட்டராக வளர்ந்தது. நிலம் எதுவும் புதிதாக முளைத்துவிடவில்லை. முன்பு நேர்க்கோடாகத் தாண்டப்பட்ட கழிமுகங்களும் ஓடைகளும் வளைவுகளும் இப்போது அளவையில் சேர்ந்தன. கரையில் இத்தனை விழுக்காடு அரிக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்த நீளத்தில் இத்தனை விழுக்காடு என்றும் கேட்கத்தான் வேண்டும்.

செயற்கைக்கோள்கள் வந்த பிறகு காலத்தின் நெருக்கம் கூடியது. 1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். 1982இல் லேண்ட்சாட்-4 வந்தபோது அது 30 மீட்டராகக் குறைந்தது. 1988இல் இந்தியா, வழக்கமான பயன்பாட்டுக்கான தன் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ-வை ஏவியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் நுட்பத்தில் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட, 2008இல் லேண்ட்சாட்டின் முழுக் களஞ்சியமும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டதையே நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். அதற்கு முன் ஆய்வு மாணவர் ஒருவர் விலை கொடுத்து மூன்று நான்கு படங்கள் வாங்கி, அவற்றைக் கொண்டு முப்பது ஆண்டுக் கதை சொல்ல வேண்டும். இன்று ஒரே கரைக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம்.

படத்தில் நீரையும் நிலத்தையும் பிரிப்பது ஒளியின் இயல்பைக் கொண்டு நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. மணல் அதைத் திருப்பி அனுப்புகிறது. பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு, இது நீரா நிலமா என்று புள்ளிக்குப் புள்ளி எண் போடும் முறையை 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். 2006இல் ஷூ என்ற இன்னோர் ஆய்வாளர் அதைத் திருத்தினார். இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் இவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அலை உடையும் இடத்தில் நுரை வெள்ளையாக இருப்பதால் கணினி அதை மணல் என்று எடுத்துக்கொள்ளும். கன்னியாகுமரிப் பக்கத்துக் கருமணல் ஈரமாக இருக்கும்போது தண்ணீரைப் போல இருண்டு தெரியும். முத்துப்பேட்டைச் சேற்று நிலத்தில் கோடு எங்கே என்று நேரில் நின்று பார்ப்பவருக்கே குழப்பம் வரும். அதனால் கணினி போட்ட கோட்டை அந்தக் கரையை அறிந்த ஒருவர் கண்ணால் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளவே கூடாது.

நம் கிழக்குக் கரைக்கென்றே ஒரு குறையும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானம் மூடிக் கிடக்கும். புயலும் பேரலையும் கரையைக் கடுமையாகத் தாக்குவதும் அப்போதுதான். மேகமற்ற படங்கள் கிடைப்பதோ பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகு. ஆகவே ஒளிப்படங்களை மட்டும் நம்பும் ஆய்வு, கரை மிகவும் ஒடுங்கி நிற்கும் நாட்களைப் பார்க்காமலேயே போகும் வாய்ப்பு அதிகம். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. இந்தியாவின் ரிசாட்-1 2012இலும் ஐரோப்பாவின் சென்டினல்-1 2014இலும் ஏவப்பட்டன. அலை கொந்தளிக்கும் நீரை ரேடார் படத்தில் மணலிலிருந்து பிரிப்பது தனிப் பாடு.

கோடுகள் கிடைத்த பிறகு கணக்கு தொடங்குகிறது. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனத்தின் டி.எஸ்.ஏ.எஸ். என்ற மென்பொருள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கரைக்கு இணையாக ஓர் அடிக்கோடு. அதிலிருந்து கடலை நோக்கி, 50 அல்லது 100 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக்கோடுகள். ஒவ்வொரு குறுக்குக்கோட்டிலும் பல ஆண்டுகளின் கரைக்கோடுகள் எங்கெங்கே வெட்டுகின்றன என்று அது பார்க்கிறது. முதல் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆண்டுகளால் வகுப்பது ஒரு வழி. எல்லாக் கோடுகளையும் சேர்த்து, அவற்றுக்கு நடுவே பொருந்தும் ஒரு போக்கைக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி.

முதல் வழி எளிது, ஆபத்தும் அதில்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களுக்குப் பின் எடுத்த படத்தைக் கடைசிக் கோடாக வைத்தால், நாகப்பட்டினக் கரை பயங்கரமாக அரிப்பதாக விடை வரும். அதே படத்தை முதல் கோடாக வைத்தால், மணல் திரும்பி வந்த இடங்களில் கரை செழித்து வளர்வதாக விடை வரும். இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் தவறு எதுவும் இருக்காது. ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர் விடையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

பிழையின் கணக்கு இதைவிடச் சுருக்கமானது. 1970ஆம் ஆண்டுத் தாளில் ஒரு கோடு, அதன் பிழை 30 மீட்டர் என்று கொள்வோம். 2020ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு கோடு, பிழை 10 மீட்டர். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 32 மீட்டர். 50 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 0.6 மீட்டருக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 0.5 மீட்டர் அரிப்பு என்று இந்த ஆய்வு சொன்னால், உண்மையில் அரிப்பு இருக்கிறதா என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 4 மீட்டர் என்று சொன்னால் தயங்காமல் நம்பலாம். பிழையின் அளவைச் சொல்லாத அறிக்கையை நான் முழுமையான அறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

சராசரிக்குள் மறைந்துபோகும் செய்தியும் உண்டு. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணற்கரை சில ஆண்டுகளிலேயே போய்விட்டது. இந்தக் கரைக்கு 1970 முதல் 2010 வரை ஒரே போக்குக் கோட்டை வரைந்தால், துறைமுகத்துக்கு முந்தைய ஆண்டுகளும் சராசரியில் கலந்துவிடும். எந்த ஆண்டிலும் நடக்காத மிதமான ஒரு வேகம் விடையாக வரும். கட்டுமானம் நடந்த ஆண்டை வெட்டுப்புள்ளியாக வைத்து, முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்தால்தான் காரணம் முகம் காட்டும்.

புதுச்சேரியில் மணல் போன இடத்தில் கருங்கல் வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கல் கொட்டிக் கொட்டி, அரிப்பு வடக்கே மாநில எல்லையையும் கடந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. இங்கேதான் அளவையின் பெரிய ஓட்டையை நான் காண்கிறேன். கல்சுவர் கட்டிய பிறகு நீர்க்கோடு கல்லின் அடியில் போய் நின்றுவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அளந்தாலும் அது அங்கேயே நிற்கும். மென்பொருள் அதை நிலையான கரை என்று வகைப்படுத்தும். வரைபடத்தில் அமைதியான நிறம் பூசப்படும். ஆனால் அங்கே கட்டுமரம் ஏற்றுவதற்கு இடம் இல்லை, கரைவலை இழுக்க முடியாது, வலை உலர்த்தவோ மீன் காயவைக்கவோ ஒரு சாண் மணல் இல்லை. கரையை முழுவதுமாக இழந்த ஊருக்கு, அரிப்பு இல்லாத ஊர் என்று சான்றிதழ் கிடைக்கிறது. இதை ஒரு தொழில்நுட்பக் குறைபாடாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. வாழ்விடத்தை இழந்தவர்களை ஆவணத்திலிருந்தும் நீக்குவதாகவே இது முடிகிறது.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைக் கொண்டு இந்தியாவின் பெருநிலக் கரை முழுவதையும் அளந்தது. அதன்படி ஏறத்தாழ 34 விழுக்காடு கரை அரிக்கிறது, 27 விழுக்காடு வளர்கிறது, மீதி நிலையாக இருக்கிறது. அரிப்பில் மேற்கு வங்கம் 60 விழுக்காட்டோடு முன்னால் நிற்கிறது. புதுச்சேரி 56, கேரளம் 46, தமிழ்நாடு 43 விழுக்காடு. இந்த அளவை மிகவும் தேவையானது, நாட்டுக்கே ஒரே முறையில் செய்யப்பட்டிருப்பதால் மாநிலங்களை ஒப்பிட முடிகிறது. உலக அளவில், 2018இல் வெளியான ஓர் ஆய்வு 1984 முதல் 2016 வரையிலான படங்களைக் கொண்டு, மணற்கரைகளில் 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிப்பதாகவும் 28 விழுக்காடு வளர்வதாகவும் கண்டது. அந்தக் கணக்கில் வளர்ச்சி அரிப்பைவிடச் சற்று அதிகம் என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. மெரினாவில் சேர்ந்த மணல் திருவொற்றியூர்க்காரரின் வீட்டைத் திருப்பித் தராது.

ஆகவே ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்ற எண்ணோடு இன்னும் இரண்டு செய்திகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அந்தக் கோடு மணலில் விழுகிறதா, கல்லில் விழுகிறதா என்பது. மற்றது, வீட்டுச் சுவருக்கும் நீருக்கும் இடையில் உள்ள மணலின் அகலம். இரண்டாவதை அளப்பது கடினமே அல்ல, அதே படத்தில் நிலப்பக்கத்து விளிம்பையும் ஒரு கோடாகப் போட்டால் போதும். 2018இல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு முன்னால் நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து மணலை மீட்டார்கள். அந்த முயற்சியின் பலனைக் காட்டியதும் இந்த அகலம்தான்.

பயன்படுத்தப்படாமல் கிடக்கும் இன்னொரு சான்றும் நம்மிடம் இருக்கிறது: வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வரைந்த புலப்படங்களும். பழைய கிராம வரைபடங்கள் பல ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அதில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 2 மீட்டர்தான். 1:50,000 தாளைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் நுட்பம். கரையோரச் சர்வே எண்களின் எல்லையை அளந்து எழுதிய ஆண்டும் பதிவேட்டில் இருக்கும். அந்த எல்லைக்கற்களில் எவை இன்று நிலத்தில் இருக்கின்றன, எவை தண்ணீருக்குள் போயின என்பதை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து குறித்துக்கொண்டு, சென்டினல் படத்தின் மேல் வைத்தால், செயற்கைக்கோள்களுக்கு முந்தைய பல பத்தாண்டுகளின் நகர்வு ஊர் ஊராகக் கிடைக்கும். புதுச்சேரிக்கு வடக்கேயும் எண்ணூர்ப் பக்கமும் இந்த வேலையைத் தொடங்கலாம். தமிழ்நாட்டின் புலப்படங்களை அரசின் இணையதளத்திலேயே சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது.